அக்கா வீட்டுச் சுவரில் உலக நாடுகள்

எங்கள் வீட்டுக் கிண்ணம் முதல் மாடிக்குப் போனால் வெறுமையாகத் திரும்பி வந்ததே இல்லை. இது ஒரு பெரிய செய்தி அல்ல. வாங்கிய கிண்ணத்தைக் காலியாகக் கொடுக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். ஆனால் முதல் மாடி அக்காவிடமிருந்து வந்தது பிடி சர்க்கரை அல்ல. அதற்கு ஒரு முறை இருந்தது. சாதாரண நாள் பண்டத்துக்குச் சாதாரண நாள் பண்டம். பண்டிகைப் பண்டத்துக்குப் பண்டிகைப் பண்டம். அடுத்த பண்டிகை வர இரண்டு மாதம் ஆனாலும் கிண்ணம் மேலேயே காத்திருக்கும். கையால் சுற்றிய முறுக்குக்குக் கையால் தட்டிய அதிரசம். ஒருமுறை அப்பாவுக்கு அலுவலகத்தில் கொடுத்த இனிப்புப் பெட்டியை நாங்கள் பிரிக்காமல் அப்படியே மேலே அனுப்பிவிட்டோம். மறுநாள் அக்காவுக்கு அலுவலகத்தில் கொடுத்த இனிப்புப் பெட்டி கீழே வந்தது. அதுவும் பிரிக்காமல்.

அம்மாவுக்கு இது கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. "எதுக்கும்மா இவ்வளவு பாக்கறீங்க? பக்கத்து வீடுதானே?" என்று கேட்டேவிட்டார்.

"அப்டி இல்ல டீச்சர்," என்றார் அக்கா. அம்மா ஆசிரியை அல்ல. கண்ணாடி போட்டிருந்ததால் அக்கா அப்படித்தான் கூப்பிடுவார். "கம்மியா குட்த்தா நமக்கு அசிங்கம். ஜாஸ்தியா குட்த்தா வாங்குறவங்களுக்கு அசிங்கம். கரீட்டா குடுக்கணும்."

இந்தப் பாடத்தை அவர் எங்கே கற்றார் என்பது அவர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் தெரிந்துவிடும்.

அக்கா ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் விருந்தினர் மாளிகையில் வரவேற்புப் பொறுப்பில் இருந்தார். வெளிநாடுகளிலிருந்து ராணுவக் குழுக்களும் தூதரகக்காரர்களும் வருவார்கள். சுற்றிப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், கடைசி நாள் மாலை இரு தரப்பும் கைகுலுக்கி நினைவுப் பலகைகளை மாற்றிக்கொள்வார்கள். கேடய வடிவத்தில் ஒரு மரப்பலகை, நடுவில் அந்த நாட்டுப் படையின் சின்னம் பித்தளையில், கீழே யார் யாருக்குக் கொடுத்தது என்று ஒரு மெல்லிய தகடு. எங்கள் அடுக்ககத்தில் எல்லாரும் அதை ஷீல்டு என்றே சொன்னோம். தலைமை அதிகாரிக்கு வந்தது மாநாட்டு அறைக் கண்ணாடி அலமாரிக்குப் போகும். மற்ற அதிகாரிகளுக்கு வந்தவை அவரவர் மேசைமேல் நிற்கும். அவர்கள் மாற்றலாகிப் போகும்போது பலவும் மேசையிலேயே தங்கிவிடும். "சார், இத நான் எட்த்துக்கட்டா?" என்று அக்கா கேட்பார். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. கூடுதலாக ஒன்று கொண்டுவந்த குழுக்கள், வண்டி ஏறும்போது அக்கா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு.

அப்படிச் சேர்ந்தவை அவர் வீட்டுக் கூடத்துச் சுவரை நிறைத்து, படுக்கையறைக்குள் நுழைந்து, சமையலறை வாசல்வரை வந்திருந்தன. நாடுகளின் பெயரை அக்கா சொல்லவே மாட்டார். கழுகு, ஒட்டகம், நங்கூரம், ரெண்டு கத்தி என்று சின்னத்தைத்தான் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும், அது எப்போதும் சாப்பாட்டில் முடியும்.

"இந்த நங்கூரக்காரங்க கீறாங்களே, ரசத்த டம்ளர்ல வாங்கிக் குட்ச்சிட்டு மறுபடி மறுபடி நீட்னாங்க. கழுகு ஊட்டுப் பெரியவரு கறிவேப்பிலைய ஒதுக்கி வெக்காம தின்னாரு. ஊருக்குப் போவும்போது ஒரு கொத்து மட்ச்சிக் குட்த்தேன்."

பலகைகளை மாட்டுவதிலும் அவருக்கு ஒழுங்கு இருந்தது. பெரிய நாடு, சின்ன நாடு என்று பார்க்க மாட்டார், வந்த வரிசைதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நாடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒன்று கூடத்தில் இருந்தால் மற்றது படுக்கையறைக்குப் போய்விடும். ஆணி அடிக்கும் வேலை அவர் கணவருடையது. அண்ணன் தனியார் பேருந்து ஒன்றின் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிகம் பேசாதவர். தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது எங்காவது குண்டு விழுந்தால் அவர் முகம் வாடிவிடும்.

"மறுபடியும் துளை போட்ணுமா மே?"

"ஆமா, ஒட்டகத்த உள்ள மாத்தணும். நேத்து வெட்டினு சாவறாங்க, பாக்கலியா?"

"செவுத்துல இனிமே எடமில்ல. என் முதுவுல மாட்டிக்கோ."

"உன் முதுவு நேரா இல்லய்யா, ஷீல்டு சாஞ்சிடும்."

போர் நிறுத்தம் என்று செய்தி வந்தால் இரண்டும் மெல்ல மெல்ல நெருங்கும். முழுச் சமாதானம் ஆனால் பக்கத்தில் பக்கத்தில். நான் பார்த்தவரை அந்தப் பாக்கியம் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் கிடைத்தது.

விருந்தினர் மாளிகையில் நடந்த ஒன்றை அண்ணன்தான் எங்களுக்குச் சொன்னார், சிரிக்காமல். ஒருமுறை வந்த குழுவில் எதிர்பாராமல் இரண்டு பேர் தனித்தனியாகப் பலகை நீட்டிவிட்டார்கள். பதிலுக்குக் கொடுக்க மேசையில் ஒன்றுதான் தயாராக இருந்தது. அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா சாப்பாட்டு அறைக்குள் போனார். வெளியே வந்தபோது கையில் பளபளப்புத் தாளில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. அதிகாரி வாங்கினார், கொடுத்தார், கைதட்டினார்கள். மறுநாள் காலை இட்லி சாப்பிட வந்த அதிகாரி சுவரில் வெளுத்துக் கிடந்த ஒரு சதுரத்தைப் பார்த்துக் கேட்டாராம்.

"இங்க ஒரு கோபுரப் படம் இருந்ததே?"

"அது ஃபாரின் போய்ட்ச்சி சார்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா காயலான் கடைகளுக்குப் போவார். அதிகாரிகள் காலி செய்த குடியிருப்புகளிலிருந்து பழைய இரும்பு, பித்தளை எல்லாம் அங்கே வரும். அதில் சில சமயம் ஷீல்டும் வரும். கடைக்காரர்கள் பித்தளையை நெம்பி எடுத்துவிட்டு மரத்தை அடுப்புக்குப் போடுவார்கள். அதற்குமுன் போய்விட வேண்டும். ஒருநாள் என் ஸ்கூட்டரில் அவரைப் பட்டரவாக்கம் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஒரு பலகையைக் காலால் அழுத்திப் பிடித்து உளியை வைத்திருந்தார்.

"அண்ணாத்தே, காலை எடு!"

"இன்னாக்கா, நீயா? ஒரு நிமிசம் லேட்டா வந்திருந்தா சிங்கத்தோட மூஞ்சி பேந்திருக்கும்."

"அது மேல கால் வெக்கிறியே, ஒரு நாடு ஆசையா குட்த்தது."

"ஆசையா குட்த்ததத்தான் ஒர்த்தன் என்கிட்ட எடைக்குப் போட்டுப் போனான். அவன்கிட்ட போய் சொல்லு."

அக்கா பணம் கொடுத்து வாங்கினார். அதோடு நிற்கவில்லை, பையிலிருந்து ஒரு பொட்டலம் முறுக்கையும் எடுத்து நீட்டினார். பணம் பித்தளைக்கு, முறுக்கு காலை எடுத்ததற்கு என்றார். கடைக்காரர் முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னிடம், "இந்தக்காவாண்ட எதுனா வாங்கவே பயமா கீது பாப்பா," என்றார்.

எனக்கும் அந்தப் பயம் புரிந்தது. அக்காவிடம் எதையும் சும்மா கொடுக்க முடியாது, சும்மா வாங்கவும் முடியாது. அவரோடு பழகுவதில் அது ஒரு சிறு சிரமம்தான். அது எங்கள் குடும்பத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் புதிதாக ஓர் அடுக்ககம் வந்தது. தரையை உயர்த்தி, முற்றம் முழுவதும் டைல்ஸ் பதித்தார்கள். சரிவு எங்கள் பக்கம். அந்த ஆண்டு மழையில் அவர்கள் முற்றத்துத் தண்ணீர் முழுவதும் மதிலின் அடியில் புகுந்து எங்கள் வளாகத்துக்குள் வந்து, தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றினோம். கல்லூரித் திட்டப்பணிக்காக நான் செய்து வைத்திருந்த மின்சுற்றுப் பலகைகள் எல்லாம் ஊறிப்போயின. கடன் வாங்கி வாங்கிய வீடு. அப்பா மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை வந்தா வித்துட்டுப் பாரிவாக்கம் பக்கம் போயிடலாம்," என்றார்.

"தண்ணி வர்ற வீட்டை எவன் வாங்குவான்?" என்றார் அம்மா.

தீர்வு எளிது. பின்பக்க முற்றத்தின் ஓரமாக ஒரு குழாயைப் புதைத்துத் தெரு வடிகாலுக்குக் கொண்டுபோனால் போதும். அதற்கு அவர்கள் தங்கள் டைல்ஸை உடைக்க வேண்டும். எங்கள் சங்கச் செயலாளர், மதுரைக்காரர், கோபக்காரர், அங்கே போய்ப் புகார் கொடுப்பேன் என்று கத்திவிட்டு வந்தார். அவர்கள் சங்கத் தலைவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கத்தவில்லை. "கொடுத்துக்குங்க," என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அதோடு பேச்சு நின்றது. அடுத்த மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எங்கள் சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்தார். "ஷீல்டு குடுக்கலாம்," என்றார்.

செயலாளருக்குப் புரியவில்லை. "யாருக்கு? எதுக்கு? எங்க வீட்ல தண்ணி விட்டதுக்குப் பரிசா?"

"பரிசு இல்ல சார். அதான் மொற. மொதல்ல போறவங்க வெறுங்கையோட போவக்கூடாது. நீங்க வெறுங்கையோட போனீங்க, அதுவும் கைய ஆட்டிக்கினு போனீங்க."

வேறு வழி யாருக்கும் தோன்றாததால் ஒப்புக்கொண்டார்கள். பலகையில் என்ன சின்னம் போடுவது என்று ஒரு மணி நேரம் சண்டை. செயலாளர் பிள்ளையார் என்றார். "சாமியக் குட்த்துட்டு அப்பறம் டைல்ஸ ஒடைக்கச் சொல்ல முடியாது சார்," என்று அக்கா மறுத்தார். நமக்கென்று தனியாக இருப்பது நின்று நின்று போகும் லிஃப்ட்தான் என்றார் மூன்றாம் மாடிக்காரர். கடைசியில் எங்கள் வளாகத்தின் இரும்புக் கதவைப் போட முடிவாயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் கோப்பைகள் செய்யும் கடையில் சொல்லி, பித்தளைக் கதவும், கீழே எங்கள் அடுக்ககத்தின் பெயரும், 'நட்புடன்' என்ற சொல்லுமாகப் பலகை வந்தது. உண்மையிலேயே அழகாக இருந்தது.

ஒரு ஞாயிறு காலை புறப்பட்டோம். அக்கா, வெளிநாட்டுக் குழுக்கள் வரும் நாளில் கட்டும் பட்டுச் சேலையில். செயலாளர், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர் என்ற முறையில் அப்பா. தட்டைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் நான். சிவப்புத் துணி விரித்த தட்டில் பலகை.

தலைவர் கதவைத் திறந்ததும் திகைத்துவிட்டார். ஆனாலும், "வாங்க, வாங்க, உக்காருங்க," என்றார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். அக்கா எழுந்து நின்று, பலகையை இரு கைகளாலும் நீட்டினார். தலைவரும் எழுந்தார், வாங்கினார், தகட்டைப் படித்தார். முகம் மாறியது.

"இதை எங்கீங்க மாட்டறது?"

"உங்க வாசல்ல மாட்னா நல்லா இருக்கும் சார். எல்லார் கண்லயும் படும்."

"என்னங்க மேடம் இது? எங்க செவுத்துல உங்க பில்டிங் பேரை மாட்டச் சொல்றீங்க? நாளைக்கு எவனாச்சும் வந்து இந்த இடம் உங்களுதுன்னு சொன்னா நான் என்னங்க பண்றது?"

நாங்கள் யாரும் இதை யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு சுவரில் பெயர்ப்பலகை பதித்திருந்தால் அதற்கு இரண்டே அர்த்தம்தான்: ஒன்று, அந்தக் கட்டடத்தை யாரோ பெரிய மனிதர் திறந்து வைத்திருக்கிறார், அல்லது, அது யாருக்கோ சொந்தம். செயலாளர் வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தார்.

"இத்தினி வருசத்துல எத்தினி நாடு வந்து குட்த்துட்டுப் போயிருக்குது," என்றார் அக்கா, உண்மையான வியப்போடு. "ஒர்த்தரும் இந்தக் கேள்வி கேக்கல சார்."

"அவங்களுக்கெல்லாம் ஊரு தூரமுங்க. நீங்க மதிலுக்கு அந்தாண்ட இருக்கறீங்க."

எழுந்தோம். தலைவர் பலகையைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைப்பதை நான் பார்த்தேன். காரியம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது அவர் மனைவி, "இருங்க, இருங்க, வெறுங்கையோட எப்படி அனுப்பறது?" என்று பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். வெற்றிலை தீர்ந்துபோயிருந்தது போலிருக்கிறது. திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு சின்ன ஷீல்டு. அவர்கள் அடுக்ககத்துப் பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்காக அவருக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு.

அக்கா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இரு கைகளாலும் வாங்கி, நின்று முழுவதும் படித்து, தலை தாழ்த்தி, என் தட்டில் வைத்தார். வெளியே வந்ததும் செயலாளர் வெடித்தார்.

"போனது தண்ணி விஷயமா. வந்தது கோலப் போட்டி, அதுவும் ரெண்டாவது பரிசு!"

"வாங்கிட்டாங்க, குட்த்துட்டாங்க. வேல ஆரம்பிச்சிட்ச்சி சார்," என்றார் அக்கா.

அன்று மாலையே அண்ணன் துளை போட்டார். கழுகுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் கோலப் போட்டி. அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க வரும்படி அக்கா தலைவரின் மனைவியை அழைத்தார். அவரும் வந்தார், கூடவே தலைவரும். தன் மனைவியின் பரிசு உலக ராணுவங்களுக்கு நடுவில் தொங்குவதைப் பார்த்து அந்த மனிதர் முதலில் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "மொதப் பரிசு வாங்கினவ இதைப் பாத்தா வயிறெரிவாளுங்க," என்றார்.

சிரிப்பு அடங்கியபோது அக்கா கேட்டார். "ஒண்ணு கேக்கணும் சார். எங்களால உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

ஓராண்டாக இரு தரப்பும் முறைத்துக்கொண்டிருந்தோம். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் சொன்னார்: "உங்க மோட்டாருங்க. விடியால போட்டு விடறீங்க. எங்க படுக்கற ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கமே இருக்குது. கட்டிலே அதிருதுங்க. எங்க மாமியார் அஞ்சு மணிக்கு மேல தூங்கி ஒரு வருஷமாச்சு."

"அடப்பாவமே," என்றார் அக்கா. "சொல்லவேயில்லியே?"

"சொன்னா சண்டைக்கு வந்தமாதிரி ஆகுமேன்னு..."

கீழே இறங்கும்போது அம்மா அவர்களை எங்கள் வீட்டுக்குள் அழைத்தார். சுவரில் தண்ணீர் நின்ற கறை முழங்காலுக்குக் கீழே ஒரு கோடாக இருந்தது. தலைவர் அதைப் பார்த்தார். "பாக்காம இல்லீங்க," என்றார் மெதுவாக. "ஆனா நான் பைப்பு போட்டா எங்க ஆளுங்க சும்மா இருப்பாங்களா? கத்தினதும் பயந்து விட்டுக் குடுத்துட்டான்னு என்னைத்தான் பேசுவாங்க."

"சும்மா வாணாம் சார். எங்க மோட்டார நாங்க எட்த்து அந்தப் பக்கம் வெக்கிறோம். நீங்க பைப்பு போடுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. ஒரே நாள்ல."

செயலாளர் இதற்கு ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. "தப்பு அவங்க மேல. நாம எதுக்குச் செலவு பண்ணி மோட்டாரை நகர்த்தணும்? புகார் கொடுத்தா தன்னால பைப்பு போட்டுட்டுப் போறாங்க."

"போடுவாங்க சார்," என்றார் அக்கா. "ஆனா தோத்தவன் போட்ட பைப்பு ஒழுவும்."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. என் அப்பாவும் கைதூக்கினார்.

வேலை நடந்த நாளைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் நீள வேண்டும் என்பது அக்காவின் விதி. மதிலுக்கு அந்தப் பக்கம் கொத்தனார் டைல்ஸ் மேல் சுத்தியலை ஓங்கி நிற்க, இந்தப் பக்கம் பிளம்பர் மோட்டாரின் திருகாணியில் ஸ்பேனரை மாட்டி நிற்க, நடுவில் நாற்காலி மேல் அக்கா. "ரெடியா? ஆங், அடி! கழட்டு!" என்றார். மோட்டாரைப் புதிய இடத்தில் வைக்கும்போது அதிர்வு தரைக்கு இறங்காமலிருக்க அடியில் ரப்பர் பட்டைகளும், விடிந்த பிறகே ஓடும்படி ஒரு டைமரும் பொருத்தச் சொன்னேன். படித்ததற்கு என்னால் ஆனது.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அக்காவும் அண்ணனும் இப்போது பூந்தமல்லி பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். சுவர் நிறைய உள்ள வீடாகப் பார்த்து வாங்கினார்களாம். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டின் முதல் பெருமழைதான் வரும்.

பிற்பகலில் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. நாங்கள் எல்லாரும் படிக்கட்டில் நின்று மதிலடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா முன்னெச்சரிக்கையாகச் செங்கற்களை அடுக்கி வைத்திருந்தார். தண்ணீர் வரவில்லை. மேலும் கொட்டியது. வரவில்லை. அப்பா குடையோடு போய் மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். மதிலுக்கு மேலே ஒரு குடை தெரிந்தது, குடைக்குக் கீழே தலைவரின் முகம்.

"மேடம்! உங்க பக்கம் வருதுங்களா?"

"ஒரு சொட்டு வர்ல சார்! பைப்பு ஜோரா போவுது!"

"எங்கம்மா இன்னைக்கு ஏழு மணிக்குத்தான் எந்திரிச்சாங்க!"

எல்லாரும் சிரித்தோம். செயலாளர்கூட அவருக்குக் கையசைத்தார். அக்கா மட்டும் எங்களோடு சிரித்துக்கொண்டே மெல்ல வாசல்வரை போய், தெருவைப் பார்த்து நின்றார். நானும் பின்னால் போனேன். குழாயில் வந்த தண்ணீர் வடிகாலை நிரப்பி, வழிந்து, தெருவின் சரிவில் ஓடி, மூலையில் இருந்த சின்ன அடுக்ககத்தின் வாசலில் தேங்கத் தொடங்கியிருந்தது. அங்கே ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அந்த மூல பில்டிங்குக்கு யாரு தலைவரு?" என்றார் அக்கா.

"அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன்," என்றார் செயலாளர் படிக்கட்டிலிருந்து. "இன்னைக்கு ஒருநாளாவது சும்மா இருங்க."

அக்கா சேலையைச் சற்றுத் தூக்கிச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். மதிலுக்கு மேலிருந்த குடை மறைந்தது. சற்று நேரத்தில் அது பின்பக்கத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேகமாக வந்தது.

"இருங்க மேடம்," என்றார் தலைவர், "நானும் வர்றேனுங்க."